அரைபட்ட பின்னர் அடையாளம் தெரிவதில்லை: மருந்துத் தூள்களும் எமது பாதுகாப்பும்

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வழமையான இரத்தப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட சிறு குழந்தைகள் சிலரின் குருதியில் ஈயம் மிக உயர்ந்த அளவிற் காணப்பட்டது. வழக்கமாகச் சந்தேகிக்கப்படுவது வீட்டின் பழைய சுவர்ப்பூச்சு. ஆனால், இம்முறை காரணம் அங்கே இருக்கவில்லை. குழந்தைகள் விரும்பி உண்ட, கறுவாத்தூள் சேர்த்த அப்பிள் பழக்கூழ்ப் பொதிகளே அதற்குக் காரணமென இறுதியில் இனங்காணப்பட்டது. அப்பொதிகள் சந்தையிலிருந்து மீளப்பெறப்படுவதற்கிடையில், உறுதிப்படுத்தப்பட்டோரும் சந்தேகத்திற்குரியோருமாக 500இற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிறு குழந்தைகள். பழக்கூழில் சேர்க்கப்பட்ட கறுவாத்தூளைப் பரிசோதித்தபோது ஒரு கிலோவில் 2,270 மில்லிகிறாம் முதல் 5,110 மில்லிகிறாம் வரை ஈயம் இருந்தது. ஈயத்துடன் குரோமியமும் காணப்பட்டதால், மஞ்சள் நிறச் சாயப்பொருளான ஈயக் குரோமேற்று தூளின் நிறத்தையும் எடையையும் கூட்டுவதற்காகக் கலக்கப்பட்டிருக்க வேண்டுமெனக் கருதப்படுகிறது.

இச்செய்தியில் எமக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பகுதியும் உண்டு. அந்தக் கறுவா இலங்கையிலிருந்து சென்றது. ஆனால், இலங்கையிலிருந்து பட்டையாகச் சென்ற கறுவாவின் மாதிரிகளை ஈக்குவடோர் நாட்டு அதிகாரிகள் பரிசோதித்தபோது அவற்றில் ஈயம் காணப்படவில்லை. ஈக்குவடோரில் அப்பட்டை தூளாக அரைக்கப்பட்ட கட்டத்திலேயே நஞ்சு புகுந்திருக்க வேண்டுமென அமெரிக்க உணவு, ஔடத நிர்வாகம் தெரிவித்தது. பட்டையாக இருந்தவரை குற்றமற்றிருந்த சரக்கு, தூளானதும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமாகப் போய்ச் சேர்ந்தது.

நாம் இங்கு எடுத்துரைக்க விரும்பும் விடயம் இதுவேயாகும். தாவரமாயினும் கனிப்பொருளாயினும் மருந்துச் சரக்கொன்று முழுமையாக இருக்கும்போது அதற்கு உருவமும் நாரும் மணமும் முறிவும் உண்டு. பழகிய கண்ணும் கையும் அதனை இனங்காணும். அரைபட்ட மறுகணமே அந்தச் சாட்சியங்கள் யாவும் அழிந்துவிடுகின்றன. எஞ்சுவது நிறமும் மணமும் மாத்திரமே. இவ்விரண்டையும் போலியாக உண்டாக்குவது மிக எளிது. ஆகவே, தூளை வாங்குபவர் உண்மையில் வாங்குவது சரக்கையல்ல, அதனை அரைத்தவரின் நேர்மையையே.

எமது முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டுடன் மருந்துச் சரக்குக் கடைக்குச் சென்று, வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, கடுக்காய், சதகுப்பை என ஒவ்வொன்றையும் முழுதாகவே வாங்கி, வீட்டிற்குக் கொண்டுவந்து, துப்புரவாக்கி, வெயிலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சீலையிற் சலித்தெடுப்பதே வழக்கமாயிருந்தது. மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குக் கொடுக்கும் சரக்குத்தூளை வீட்டிலுள்ள மூத்த பெண்கள் பிறர் கையில் விட்டதில்லை. இதனைப் பத்தியம், ஆசாரம் என்று சொல்லித் தட்டிக்கழிப்போர் உளர். உண்மையில் அது தரக்கட்டுப்பாடாகும். வேர்க்கொம்பின் மேற்தோலைச் சீவி நீக்க வேண்டும், கடுக்காயின் உள்ளிருக்கும் கொட்டையை அகற்ற வேண்டும் என்பன சித்த வைத்தியத்தின் பாலபாடங்கள். கடையில் வாங்கும் திரிபலா சூரணத்தில் கடுக்காய்க் கொட்டையும் சேர்ந்து அரைபட்டதா என்பதை எவ்வாறு அறிவது? கொட்டையோடு அரைத்தால் எடை கூடும், உழைப்புக் குறையும். அரைப்பவருக்கு அதனால் இலாபமேயன்றி நட்டமில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. உரலும் உலக்கையும் நகர வீடுகளில் இல்லை. வேலைக்குச் செல்லும் பெண்ணிடம் கடுக்காயை உடைத்துக் கொட்டை நீக்கச் சொல்வதும் நியாயமாகாது. புறக்கோட்டையிலும், யாழ்ப்பாணத்திலும், காத்தான்குடியிலும், கண்டியிலும் பொலித்தீன் பையில் அடைத்த தூள்களே பெரிதும் விலைப்படுகின்றன. அப்பைகளிற் சிலவற்றில் பெயரும் விலையும் தவிர வேறெதுவும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம் எனச் சித்த மருத்துவ மரபு வரையறுத்திருக்க, அரைத்த திகதியே இல்லாத தூளுக்கு எந்த நாளிலிருந்து அந்த மூன்று மாதத்தைக் கணக்கிடுவது?

கறுவாவுக்கே மீண்டும் வருவோம். உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் இரு வேறு மரங்களின் பட்டைகள் விற்பனையாகின்றன. ஒன்று எமது தென்மேற்குக் கரையோரத்தில் விளையும் இலங்கைக் கறுவா. மற்றையது சீனா, இந்தோனேசியா, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வரும் கசியா. பட்டையாகப் பார்த்தால் சிறு பிள்ளைக்கும் வேறுபாடு தெரியும். இலங்கைக் கறுவா மெல்லிய பல ஏடுகளை ஒன்றினுள் ஒன்றாகச் சுருட்டிய சுருட்டைப் போன்றிருக்கும், கைவிரலால் நொறுக்கலாம். கசியாவோ தடித்த ஒற்றைப்பட்டை, இரு ஓரமும் உட்புறமாகச் சுருண்டிருக்கும், உடைப்பதற்கு வலிமை வேண்டும். தூளாக்கினால் இரண்டும் பழுப்பு நிறத் தூள்களே.

இவ்வேறுபாடு வணிகத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. கசியாவில் குமாரின் என்ற இயற்கைப் பொருள் கணிசமான அளவில் உண்டு, இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். குமாரின் கூடினால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிறாம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை வகுத்துள்ள எல்லையாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த எல்லையைத் தொடுவதற்கு நாளாந்தம் ஏறத்தாழ இரண்டு கிறாம் கசியாத் தூள் போதுமானதென ஜேர்மனிய அதிகாரிகள் கணக்கிட்டுள்ளனர். இரண்டு கிறாம் என்பது ஒரு தேக்கரண்டியிலும் குறைவு. கறியில் சேர்க்கும் சிறு துண்டைப் பற்றி எவரும் அஞ்சத் தேவையில்லை. ஆனால், நீரிழிவுக்கு நல்லதென்று எவரோ சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் நாள்தோறும் கரண்டி கரண்டியாகக் கறுவாத்தூள் உட்கொள்வோர் எம்மிடையே ஏராளம். அந்தப் பயனே இன்னும் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை என்பது ஒருபுறமிருக்க, தாம் உண்பது எந்தக் கறுவா என்பதையாவது அவர்கள் அறிந்திருக்க வேண்டாமா? இலங்கையில் வாழும் ஒருவர் இதற்காக அலைய வேண்டியதுமில்லை. பட்டையாக வாங்கி வீட்டுக் கிரைண்டரில் அரைத்தால் விடயம் முடிந்தது.

பெயர் மயக்கமும் தூளும் ஒன்றுசேர்ந்தால் விளையக்கூடிய பெருங்கேட்டுக்கு 1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில் நிகழ்ந்த அனர்த்தம் சான்றாகும். பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைத் தூள் அடங்கிய குளிசைகளை உட்கொண்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலருக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வேண்டியிருந்தது, சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் தோன்றியது. சேர்க்கப்பட்டிருக்க வேண்டியது ஃபங்ஜி என்ற மூலிகையின் வேர். சேர்ந்ததோ குவாங் ஃபங்ஜி எனப்படும், அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த வேறொரு தாவரத்தின் வேர். இவ்வினத்தாவரங்களிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குவதாகும். எமது நாட்டு வைத்தியத்திலும் ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை என இதே இனத்தாவரங்கள் நெடுங்காலமாக அறியப்பட்டவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இயற்கையானது என்பதனால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

மஞ்சளின் கதை இன்னும் அண்மையது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் எமது நாட்டில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதைத் தொடர்ந்து அதன் விலை பல மடங்காக ஏறியமையும், மன்னார், கற்பிட்டிக் கடற்பரப்புகளில் கடத்தல் மஞ்சள் மூட்டைகள் கைப்பற்றப்பட்டமையும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். விலையேறிய பொருள் தூளாக விற்கப்படும்போது கலப்படத்திற்குத் தூண்டுதல் பிறப்பது இயல்பே. அரிசி மாவைக் கலப்பவர் எமது பணத்தை மட்டுமே திருடுகிறார். நிறத்திற்காக ஈயக் குரோமேற்றைக் கலப்பவர் அத்தோடு நிற்பதில்லை. குழந்தையின் மூளை வளர்ச்சியையே ஈயம் குன்றச் செய்கிறது. அதற்குப் பாதுகாப்பான குறைந்தபட்ச அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாகும்.

இவ்விடயத்தில் பங்களாதேஷ் செய்து காட்டியதை எமது அதிகாரிகள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அங்கு கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயம் ஏன் அதிகமென ஆராய்ந்தவர்கள், அதன் சுவடு மஞ்சளிற்குச் செல்வதை 2019இல் வெளிப்படுத்தினர். 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளுக்குப் பொலிவூட்டுவதற்காகத் தொடங்கிய வழக்கம், பின்னர் வெள்ளமில்லாத ஆண்டுகளிலும் தொடர்ந்திருக்கிறது. மொத்தச் சந்தைகளிலிருந்து அவ்வாண்டு எடுக்கப்பட்ட மாதிரிகளில் 47 சதவீதமானவற்றில் ஈயம் இருந்தது. அரசாங்கம் பத்திரிகைகளில் அறிவித்தல் வெளியிட்டது, டாக்காவின் பெருஞ்சந்தையில் நடமாடும் நீதிமன்றத்தோடு திடீர்ச் சோதனை நடத்தி வணிகர்களுக்குத் தண்டம் விதித்தது, கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியால் அந்த இடத்திலேயே ஈயத்தை அளந்து காட்டியது. 2021இல் எடுக்கப்பட்ட மாதிரிகளில் ஈயம் கலந்த மஞ்சள் ஒன்றுகூட அகப்படவில்லை. வறிய நாடு, குறைந்த செலவு, இரண்டே ஆண்டுகள். பணமில்லை, ஆளணியில்லை என்ற வழமையான பதிலை எமது திணைக்களங்கள் கூறும்போது இதனை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் கைத்தொலைபேசிகளில் உலவும் வீட்டுப் பரிசோதனைகள் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் தகும். மஞ்சள் தூளில் அயடீன் துளியிட்டு நீலநிறம் தோன்றினால் மா கலந்திருக்கிறது என்பது அவற்றிலொன்று. மஞ்சள் கிழங்கிலேயே இயல்பாக மாப்பொருள் உண்டு, இஞ்சியிலும் அவ்வாறே. ஆகவே, தூய மஞ்சளும் நீலநிறம் காட்டும், நேர்மையான வணிகரும் கள்வராவார். நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால் மாத்திரமே உண்மை வெளிப்படும். அவித்து உலர்த்திய மஞ்சளின் மாமணிகள் வெந்து கட்டிபட்டிருக்கும், அரிசியின் மாமணிகள் மிகச் சிறியனவாகப் பல கோணங்களுடன் தனித்துத் தோன்றும். தூளானாலும் தாவரம் முற்றாக ஊமையாகிவிடுவதில்லை. மாமணி, பளிங்குத் துணுக்கு, கற்கலம், மயிர், நார் என ஒவ்வொரு தாவரமும் தனக்கேயுரிய சிறு அடையாளங்களைத் தூளிலும் விட்டுச் செல்கிறது.

இங்கிலாந்தின் மருந்தியல் அறிஞர் வாலிஸ் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு அழகியதொரு அளவுகோலையே கண்டுபிடித்தார். லைக்கோபோடியம் என்ற பன்னவகைத் தாவரத்தின் வித்தித்தூள் முன்னர் மருந்தகங்களில் குளிகைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கத் தூவப்பட்டதாகும். அதன் வித்திகள் யாவும் ஏறக்குறைய ஒரே பருமனுடையவை, ஒரு மில்லிகிறாம் தூளில் சுமார் 94,000 வித்திகள் இருக்கும். சந்தேகத்திற்குரிய தூளுடன் நிறுத்த அளவு லைக்கோபோடியத்தைக் கலந்து, நுணுக்குக்காட்டியில் வித்திகளையும் அந்நிய மாமணிகளையும் எண்ணி ஒப்பிட்டால், கலப்படம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு தராசு, பொறுமையுள்ள ஒரு மாணவர். இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

கனிப்பொருட்களின் நிலை இதனிலும் சிக்கலானது. அவற்றுக்கு மாமணியுமில்லை, நாருமில்லை. தூளாகிய கல்லை நுணுக்குக்காட்டியும் எளிதிற் காட்டிக்கொடுக்காது. சுர்மாவை எடுத்துக்கொள்வோம். நபிமொழிகளில் குறிப்பிடப்படும் இத்மித் என்பது அஞ்சனக்கல், அதாவது அந்திமனி சேர்ந்த கனிப்பொருள் என்றே அறிஞர் பலர் கொள்வர். ஆனால், பல நாடுகளிலும் சந்தையில் சுர்மா என விற்கப்பட்ட தூள்களைப் பரிசோதித்தவர்கள், அவற்றில் பல கலீனா எனப்படும் ஈயக் கனிப்பொருளே எனக் கண்டுள்ளனர். சிலவற்றில் எடையில் பாதிக்கு மேல் ஈயமாக இருந்தது. இரண்டும் கரிய நிறமும் மினுக்கமும் கொண்டவை. அமெரிக்காவில் ஈயம் கலந்த கண்மை இறக்குமதிக்குத் தடையுண்டு. புனிதப் பயணம் சென்று திரும்பும் உறவினர் அன்போடு கொண்டுவரும் சிறு குப்பி, குழந்தையின் கண்ணில் தீட்டப்பட்டு, கண்ணைக் கசக்கிய விரல் வாய்க்குள் போகும்போது ஈயமும் உடன் செல்கிறது. இதனைச் சுட்டிக்காட்டுவது நம்பிக்கையொன்றைக் குறைகூறுவதாகாது. இத்மித்தின் பெயரால் ஈயத்தை விற்பவரே அந்நம்பிக்கையை அவமதிக்கிறார். விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து வீட்டிலே செய்யப்படும் மையில் ஈயம் இல்லை. கடையில் வாங்கும் மைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

குழந்தைகளுக்குப் பூசும் வெள்ளைத் தூளும் கனிப்பொருளே. டல்க் என்பது நகத்தால் கீறத்தக்க அளவு மென்மையான மக்னீசியம் சிலிக்கேற்று. பூமியில் அது சில இடங்களில் அஸ்பெஸ்டஸ் படிவுகளுக்கு அருகிலேயே கிடைப்பதால், அகழும்போதே மாசு கலக்கும் அபாயமுண்டு. 2019ஆம் ஆண்டில் அஸ்பெஸ்டஸ் பற்றிய ஐயத்தினால் எமது நாடும் பிரபல குழந்தைப் பவுடர் ஒன்றின் இறக்குமதியைப் பரிசோதனை முடியும்வரை இடைநிறுத்தியது. அதனை உற்பத்தி செய்த நிறுவனம் 2023இல் உலகெங்கும் டல்க்கைக் கைவிட்டுச் சோள மாவுக்கு மாறிவிட்டது. 2024இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் டல்க்கை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய சாத்தியமுள்ள பொருட்களின் பிரிவில் சேர்த்தது.

பற்பம், செந்தூரம் முதலியன பற்றிப் பேசும்போது உணர்ச்சிவசப்படுவோர் இரு தரப்பிலும் உளர். சங்கு, பவளம் போன்றவற்றின் பற்பங்கள் பெரும்பாலும் கல்சியம் சார்ந்தவை. இரசம், இலிங்கம், தாளகம் ஆகியனவோ பாதரசமும் ஆசனிக்கும் அடங்கியவை. அவற்றைச் சுத்தி செய்து, அரைத்து, புடமிட்டு மருந்தாக்கும் முறை நூல்களில் விரிவாக உண்டு. அம்முறை நஞ்சை முற்றாக நீக்கிவிடுமென்று சொல்வதற்கு எம்மிடம் ஆதாரமில்லை. பயின்ற வைத்தியரொருவர் நோயாளியை நேரிற் பார்த்து, அரிசியெடை அளவில், பத்தியத்தோடு, குறித்த நாட்களுக்கு மட்டும் கொடுத்த மருந்தையும், பெயரற்ற பொட்டலத்தில் எவர்க்கும் விற்கப்படும் தூளையும் ஒன்றாகக் கருதுவதும் சரியன்று. 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கப்பட்ட தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70ஐப் பரிசோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆசனிக் காணப்பட்டது. அதன் பின்னர், தாவரச் சரக்குகள் மட்டுமே அடங்கிய ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளை ஏற்றுமதி செய்யுமுன் பார உலோகப் பரிசோதனை கட்டாயமென 2006 ஜனவரி முதல் இந்தியா விதித்தது. ஈயத்திற்கு எல்லை கிலோவுக்கு 10 மில்லிகிறாம். வெளிநாட்டாருக்கு அனுப்பும் மருந்துக்கு முதலில் விதித்த பாதுகாப்பை உள்நாட்டாருக்கும் அன்றே விதித்திருக்கலாமே என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

ஆங்கில வைத்தியத்தை நாடுவோர் இவையாவும் தமக்குப் புறம்பானவை என எண்ணிவிடலாகாது. அவர்கள் விழுங்கும் மாத்திரையும் அழுத்தி இறுக்கிய தூளே. தைரொயிட் குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் மாத்திரையொன்றில் மருந்து 50 மைக்ரோ கிறாம் என்றால், மாத்திரையின் எடையோ ஏறத்தாழ 100 மில்லிகிறாம். அதாவது இரண்டாயிரத்தில் ஒரு பங்கே மருந்து. எஞ்சியவை சோள மா, பாற்சீனி, மரநார்த்தூள், கல்சியம் பொஸ்பேற்று, டல்க், மக்னீசியம் ஸ்டியரேற்று முதலியன. சோள மா மாத்திரையை வயிற்றில் உடைந்து கரையச் செய்கிறது, டல்க்கும் ஸ்டியரேற்றும் இயந்திரத்தில் ஒட்டாமல் வழுக்கச் செய்கின்றன. ஸ்டியரேற்று தாவர எண்ணெயிலிருந்தும் பெறப்படலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் பெறப்படலாம். எதிலிருந்து பெறப்பட்டதென அறிய விரும்பும் முஸ்லிம் வாசகரதும் சைவ உணவாளரதும் கேள்வி முற்றிலும் நியாயமானது. ஆயினும், மாத்திரைப் பெட்டியில் அதற்கு விடை அரிதாகவே கிடைக்கிறது.

தூள் என்றாலே தீது என நாம் கூற வரவில்லை. தாவரமும் கனிப்பொருளும் சேர்ந்த தூள்களிலேயே மிக அதிகமான உயிர்களைக் காத்தவற்றுள் ஒன்று எமது வீடுகளில் ஜீவனி என்று அறியப்படும் வயிற்றோட்டக் கரைசல் தூளாகும். மாப்பொருளிலிருந்து பெறப்படும் குளுக்கோசும் மூன்று வகை உப்புகளுமே அதன் சேர்மானம். ஒரு லீற்றர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிறாம், கறியுப்பு 2.6 கிறாம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிறாம், சித்திரேற்று உப்பு 2.9 கிறாம் என உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் வரையறுக்கிறது. தாய்மார் அத்தூளை ஏன் நம்புகின்றனர்? உள்ளே இருப்பது என்ன, எத்தனை கிறாம், எவர் பொதி செய்தார், எப்போது காலாவதியாகும் என்பன யாவும் உறையில் இருப்பதாலும், அதனைப் பரிசோதிக்க ஓர் அதிகார சபை இருப்பதாலுமே. திரிபலா சூரணத்தின் உறையில் இதே விபரங்களை அச்சிடுவதற்கு எந்த மரபும் தடையாக இல்லை.

எமது நாட்டின் உண்மையான இடைவெளி எங்கேயென்றால், தூளொன்று எந்தக் கடையில் விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதனைக் கண்காணிக்கும் சட்டமும் மாறிவிடுகிறது. பலசரக்குக் கடையில் மஞ்சள் தூள் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்திற்குட்பட்டது. அதே மஞ்சள் சூரணமாகும்போது 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகிறது. மாத்திரைக்குள் புகுந்தால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பொறுப்பாகிறது. மூன்றுக்கும் பொதுவான கட்டம் ஒன்றேயொன்றுதான்: சரக்கு அரைபடும் ஆலை. பரிசோதனை அங்கிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்பது எமது கருத்தாகும். அரைத்தவரின் பெயரும் திகதியும் தொகுதி இலக்கமும் ஒவ்வொரு பொதியிலும் மும்மொழியிலும் இருக்க வேண்டும். சித்த மருத்துவம் கற்பிக்கப்படும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற்கும், யூனானி கற்பிக்கப்படும் கொழும்புப் பல்கலைக்கழகத்திற்கும் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவி ஒவ்வொன்றை வழங்கி, சந்தை மாதிரிகளைப் பரிசோதித்து முடிவை வெளியிடும் பொறுப்பையும் ஒப்படைத்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கொழும்பின் அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தேவை குறையும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. கறுவா, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள், கடுக்காய் ஆகியவற்றை முழுதாக வாங்குவதே மேல். முழுச்சரக்கிலும் ஏமாற்று உண்டென்பதை மறக்கலாகாது. மிளகில் உலர்ந்த பப்பாசி விதை கலப்பது பழைய தந்திரம். ஆனால், அதனை நீரிலிட்டு மிதப்பதைக் கண்டும் கையாற் கசக்கியும் பிடித்துவிடலாம். அளவுக்கு மீறிப் பளீரிடும் மஞ்சள் தூளையும், கலீனாவா அஞ்சனமா எனத் தெரியாத சுர்மாவையும் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். வைத்தியர் தந்த தூளாயினும் அதில் என்ன இருக்கிறதெனக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. நல்ல வைத்தியர் அக்கேள்வியை விரும்புவார்.

தூளொன்றை உட்கொண்ட பின் காரணமின்றி வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, குழந்தையின் கவனக்குறைவு போன்றவை தொடருமாயின், மருத்துவரிடம் அத்தூளைப் பற்றி மறைக்காமல் கூறி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதிக்க முடியுமா எனக் கேட்க வேண்டும். மீதமுள்ள தூளை அச்சத்தில் குப்பையில் வீசிவிடுவோர் பலர். அதனை உறையுடனேயே பத்திரப்படுத்தி, பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படைப்பதே சரியானது. நஞ்சு எந்த ஆலையிலிருந்து புறப்பட்டதென்பதைக் கண்டறிய அந்த உறையைத் தவிர வேறு தடயம் இருக்காது.